உயிரியலில் பிஎச்டி இடம் தேடுவது எப்படி: கேள்வியைத் தேர்வதிலிருந்து அனுமதிக் கடிதம் வரை

உயிரியலில் பிஎச்டி சேர நினைப்பவர்களில் பலர் முதலில் திறப்பது பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலை. இளங்கலை படிப்புக்கு அது ஓரளவு உதவலாம். பிஎச்டிக்கு அனேகமாக உதவாது. நான்கைந்து வருடம் உங்கள் வாழ்க்கை நடக்கப் போவது பல்கலைக்கழகத்தில் இல்லை, ஒரு லேபில். பத்துப் பேர் இருக்கும் அந்த லேபில் சூழல் சரியில்லை என்றால், வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயன் இல்லை.

அதனால் தேடலை மூன்று கேள்விகளைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். பணம் யார் தருகிறார்கள்? கைடு யார்? எந்த உயிரினத்தில், எந்த மாதிரி சோதனையில் வேலை? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத இடத்தில் சேரக் கூடாது என்பது என் கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தப் பதில்களைத் தேடிப் போகும் வழிகள்தான்.

சேர நினைக்கும் மாதத்துக்கு ஒன்றரை வருடம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. செப்டம்பரில் சேர வேண்டிய இடங்களில் பலவற்றுக்கு முந்தைய வருடம் நவம்பர், டிசம்பரிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும்.

படி 1: திட்டமா, பணியிடமா?

உலகில் உயிரியல் பிஎச்டிக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விண்ணப்பங்கள் வீணாகின்றன.

ஒன்று, திட்டம் வழியாகச் சேர்வது. ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ வருடத்துக்கு ஒருமுறை ஒரு குழுவை எடுக்கும். கைடு யார் என்பது அப்போது முடிவாகியிருக்காது. முதல் வருடத்தில் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்ப்பீர்கள். இதற்குப் பெயர் ரொட்டேஷன். பிறகு இருவரும் ஒத்துக்கொண்டால் அந்த லேபில் நிலைத்துவிடலாம்.

இன்னொன்று, பணியிடம். ஒரு பேராசிரியருக்கு ஒரு மானியம் கிடைத்திருக்கும். அதில் ஒரு ஆய்வு மாணவருக்கான சம்பளம் இருக்கும். வேலை விளம்பரம் போலவே அறிவிப்பு வரும். தலைப்பு, கைடு, சம்பளம் எல்லாம் முன்பே தெரியும். இது வருடத்தின் எந்த மாதத்திலும் வரலாம்.

என்ன செய்யப் போகிறோம் என்று இன்னும் தெளிவாகத் தெரியாதவர்களுக்கு ரொட்டேஷன் உள்ள திட்டம் நல்லது. லேபை உள்ளே இருந்து பார்க்காமல் அதைப் பற்றி எடுக்கும் முடிவு ஏறக்குறைய ஊகம்தான். தலைப்பு தெளிவாக இருப்பவர்களுக்குப் பணியிடம் நேரத்தை மிச்சப்படுத்தும்.

படி 2: எந்த நாட்டில் எந்த முறை

அமெரிக்காவில் பெரும்பாலும் திட்டம்தான். இளங்கலை முடித்தவுடனே நேராக விண்ணப்பிக்கலாம், முதுகலை கட்டாயம் இல்லை. படிப்புக் கட்டணமும் மாத உதவித்தொகையும் திட்டமே பார்த்துக்கொள்ளும். முதல் வருடம் பாடங்களும் ரொட்டேஷனும், இரண்டாம் வருடத்தை ஒட்டித் தகுதித் தேர்வு, மொத்தம் ஐந்து முதல் ஆறு வருடம். ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்பதைப் பல உயிரியல் திட்டங்கள் கைவிட்டுவிட்டன. ஒன்றைக் கவனியுங்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஃபெல்லோஷிப்பும், தேசிய சுகாதார நிறுவனங்களின் பயிற்சி மானியங்களும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவரின் செலவை லேபும் துறையும் வேறு வழியில் ஏற்க வேண்டியிருக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கான இடங்கள் குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பாவில் ஒரே முறை என்று எதுவும் இல்லை. நெதர்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் பிஎச்டி மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். ஒப்பந்தம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. சுவீடனில் நான்கு வருட முழுநேர ஆய்வு. இடையில் கற்பித்தல் சேர்ந்தால் ஐந்து வருடமாக நீளும். ஜெர்மனியில் பல இடங்களில் ஒப்பந்தம் முழு நேரத்துக்கு இருக்காது, 65 சதவீதம் என்பது போல எழுதியிருக்கும். வேலை என்னவோ முழு நேரம்தான். இது அங்கே பழைய மனக்குறை. இந்த நாடுகளில் பொதுவாக முதுகலை தேவை.

பணியிடங்களைத் தேட யூராக்ஸஸ் என்ற ஐரோப்பியத் தளமும், நெதர்லாந்துக்கு அகடமிக் டிரான்ஸ்ஃபரும், நார்வேக்கு ஜாப்நார்கேயும், பிரிட்டனுக்கு ஃபைண்ட்-ஏ-பிஎச்டியும் போதும்.

ஐரோப்பாவிலும் திட்டங்கள் இருக்கின்றன, அவை நல்லவை. ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் சர்வதேச பிஎச்டி திட்டம் ஹைடெல்பர்க், ஹாம்பர்க், கிரெனோபிள், ஹிங்ஸ்டன், ரோம், பார்சிலோனா என ஆறு இடங்களுக்குச் சேர்த்து ஆள் எடுக்கிறது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சர்வதேச ஆய்வுப் பள்ளிகளை நடத்துகின்றன. ஆஸ்திரியாவின் இஸ்டா என்ற ஆய்வு நிறுவனம், இளங்கலை முடித்தவர்களையும் நேராக எடுத்து ரொட்டேஷனில் விடுகிறது. வியன்னா பயோசென்டர், லண்டனின் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனம், பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் ஆகியவையும் வெளிநாட்டவரைக் கண்டு தயங்காத இடங்கள்.

மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் முனைவர் வலையமைப்புகளுக்கு எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு விதி பலரின் காலை வாருகிறது. பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ படித்திருக்கவோ கூடாது. ஜெர்மனியில் முதுகலை படித்துவிட்டு அதே ஜெர்மனியில் இந்த இடத்துக்கு விண்ணப்பித்தால் தகுதியே இருக்காது. பக்கத்து நாட்டுக்கு விண்ணப்பித்தால் பிரச்சினை இல்லை.

பிரிட்டனில் மூன்று முதல் நான்கு வருடம். உயிரியலுக்கான ஆராய்ச்சி கவுன்சில்கள் முனைவர் பயிற்சிக் கூட்டமைப்புகள் மூலம் இடம் தருகின்றன. 2021-இல் இவற்றை வெளிநாட்டவருக்கும் திறந்துவிட்டபோது, 30 சதவீதம் என்று ஒரு வரம்பும் வைத்தார்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணம் அங்கே உள்நாட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம் என்பதால், ஸ்காலர்ஷிப் எந்தக் கட்டணத்தை ஈடுகட்டுகிறது என்பதை வரி வரியாகப் படியுங்கள். உள்நாட்டுக் கட்டணம் மட்டும் என்றால் மீதி உங்கள் தலையில்.

ஜப்பானின் ஓகினாவாவில் உள்ள ஓயிஸ்ட், ஆங்கிலத்திலேயே நடக்கும் ஆய்வுப் பல்கலைக்கழகம். அங்கே செய்யும் மூன்று ரொட்டேஷன்களில் ஒன்றாவது உங்கள் துறைக்கு வெளியே இருக்க வேண்டும். உயிரியலாளர்களுக்கு இது நல்ல பயிற்சி என்றே நினைக்கிறேன். சிங்கப்பூரில் சிங்கா என்ற பிஎச்டி ஸ்காலர்ஷிப் வெளிநாட்டவருக்கானது. ஆஸ்திரேலியாவில் முதலில் கைடைப் பிடித்து அவருடைய சம்மதம் வாங்கிய பிறகுதான் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிப்பார்கள்.

இந்தியாவில் கதை வேறு. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை) போன்ற தேசியத் தேர்வுகளில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால், ஃபெல்லோஷிப் மாணவரின் கையில் இருக்கும். இரண்டு வருடம் ஜேஆர்எஃப், பிறகு எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகை என்று மொத்தம் ஐந்து வருடம். சொந்தப் பணத்தோடு வரும் மாணவரை எந்த லேபும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடுதான் பார்க்கும். பெங்களூரின் என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) போன்ற இடங்களுக்கு ஜெஜீபில்ஸ் என்ற பொது நுழைவுத் தேர்வும் ஒரு வழி.

படி 3: கேள்வி, உயிரினம், கடிகாரம்

வழிகாட்டிகள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு இதுதான் முக்கியம்.

உயிரியலில் உங்கள் பிஎச்டி எவ்வளவு காலம் ஆகும் என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளும் உயிரினமும் முடிவு செய்கிறது. ஈ.கோலை பாக்டீரியா நல்ல வளர்ப்பு ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஈஸ்டுக்கு ஒன்றரை மணி நேரம். சி.எலகன்ஸ் என்ற சிறு புழுவுக்கு ஒரு தலைமுறை மூன்று நான்கு நாள். பழ ஈக்கு 25 டிகிரியில் பத்து நாள். அராபிடாப்சிஸ் செடி விதையிலிருந்து விதைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம். ஸீப்ராஃபிஷ் முதிர ஏறக்குறைய மூன்று மாதம். சுண்டெலிக்குக் கர்ப்ப காலம் மூன்று வாரம், குட்டி வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக இன்னும் ஆறு முதல் எட்டு வாரம்.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். மூன்று மரபணு மாற்றங்களை ஒரே சுண்டெலியில் சேர்க்க வேண்டும் என்றால் பல தலைமுறைகள் கலப்பு செய்ய வேண்டும். ஒரு வருடம் சுலபமாகப் போய்விடும். அதே வேலையைப் பழ ஈயில் சில மாதங்களுக்குள் முடிக்கலாம். மூன்று வருட ஒப்பந்தத்தில் புதிதாக மரபணு மாற்றிய சுண்டெலி வரிசை ஒன்றை உருவாக்கச் சொல்லும் திட்டத்தைப் பார்த்தால், "எலிகள் இப்போதே லேபில் இருக்கின்றனவா?" என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சூழலியலில் கடிகாரம் இன்னும் கடுமையானது. பறவைகளின் இனப்பெருக்கத்தைப் படிக்கிறீர்கள் என்றால், அது வருடத்துக்கு ஒரு பருவம் மட்டும் என்றால், மூன்று வருட பிஎச்டியில் மூன்றே வாய்ப்புகள். முதல் பருவம் பழகுவதிலேயே போய்விடும். அதோடு அனுமதிகள். 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கையின்படி, இன்னொரு நாட்டின் உயிரினங்களிலிருந்து மரபணு மாதிரிகள் எடுக்க அந்த நாட்டின் சம்மதம் தேவைப்படலாம். அந்தத் தாள்கள் கையில் இருக்கின்றனவா, இல்லை நீங்கள்தான் வந்து வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனித மாதிரிகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இதே கதைதான்.

கணினியில் மட்டும் வேலை செய்யும் டிரை லேப்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தரவு ஏற்கெனவே பொதுவில் கிடக்கும். அதனாலேயே அதே தரவை வேறு யாரும் அதே வாரத்தில் அலசிக்கொண்டிருக்கலாம். சோதனைகள் செய்து தனக்கென்று தரவு உருவாக்கும் ஒரு வெட் லேபோடு கூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கருவியைக் கட்டிக்கொள்ளாமல் கேள்வியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடிப்பது மட்டுமே ஒரு தீசிஸுக்குப் போதுமானதாக இருந்த காலம் உண்டு. 2020-இல், புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் 2 என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்தது. 2022-க்குள் 20 கோடிக்கும் மேலான கணிக்கப்பட்ட வடிவங்கள் இலவசமாகக் கிடைத்தன. 2024-இல் அந்த வேலைக்கு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பங்கும் போனது. "இந்தப் புரதத்தின் வடிவம் என்ன?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு அது அதிர்ச்சி. "இந்தப் புரதம் செல்லுக்குள் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது?" என்று கேட்டவர்களுக்குக் கையில் ஒரு புதிய கருவி.

படி 4: லேபைத் துப்பறிவது

ஆர்வமுள்ள பத்துப் பதினைந்து லேப்களைப் பட்டியல் போடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டிலும், இதழில் வெளியாகும் முன்பே கட்டுரைகள் வரும் பயோஆர்க்கைவிலும் உங்கள் கேள்வியைத் தட்டி, சமீபத்திய கட்டுரைகளின் கடைசி ஆசிரியர் யார் என்று பாருங்கள். உயிரியலில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் லேபின் தலைவர்.

அப்புறம் முதல் பெயர்களைப் பாருங்கள். பிஎச்டி மாணவர்கள் முதல் ஆசிரியர்களாக வந்திருக்கிறார்களா, இல்லை எல்லாமே பிஎச்டி முடித்து ஆய்வு செய்யும் போஸ்ட்டாக்குகளின் பெயரா? லேபின் இணையப் பக்கத்தில் பழைய உறுப்பினர்கள் பட்டியல் இருக்கும். சேர்ந்தவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் பட்டத்தோடு வெளியே வந்திருக்கிறார்களா? பாதியில் காணாமல் போன பெயர்கள் நிறைய இருந்தால் அது ஒரு செய்தி. அந்தப் பட்டியலே இல்லையென்றால் அதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

பணத்தையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சி மானியங்கள் என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்ற தேடுதளத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்கள் கார்டிஸில், ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மானியங்கள் கெப்ரிஸில், பிரிட்டன் மானியங்கள் கேட்வே டு ரிசர்ச்சில். பேராசிரியரின் பெயரைப் போட்டால் எந்தத் தலைப்புக்கு, எந்த வருடம் வரை பணம் என்று வந்துவிடும். நீங்கள் சேர்ந்து ஆறு மாதத்தில் முடியும் மானியம் என்றால் எச்சரிக்கை. ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சிலின் தொடக்க மானியம் இப்போதுதான் கிடைத்திருக்கும் இளம் பேராசிரியர் என்றால், ஐந்து வருடத்துக்குப் பணம் இருக்கிறது, ஆள் தேவைப்படுகிறது; உடனே எழுதுங்கள்.

புதிய லேபா, பழைய பெரிய லேபா? புதிய லேபில் கைடு பக்கத்து மேசையில் நின்று பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார், ஆனால் அவருக்கே வேலை நிரந்தரமாகியிருக்காது. பெரிய லேபில் வசதிகள் எல்லாம் இருக்கும், கைடுதான் இருக்க மாட்டார். முதல் ஆராய்ச்சிக்கு நான் நடுத்தர அளவுள்ள லேபையே சொல்வேன்.

படி 5: முதல் மின்னஞ்சல்

பணியிட முறை உள்ள நாடுகளில் நேராக எழுதலாம். அமெரிக்கத் திட்டங்களில் சேர்க்கையைக் குழு முடிவு செய்வதால், கைடுக்கு எழுதினாலும் இடம் உறுதியாகாது, இருந்தாலும் "அடுத்த வருடம் மாணவர் எடுப்பீர்களா?" என்று கேட்டு வைப்பது பயன் தரும். சூழலியல், பரிணாமத் துறைகளில் மட்டும் அங்கேயும் பெரும்பாலும் முன்கூட்டியே கைடின் ஆதரவு வேண்டும்.

மின்னஞ்சல் ஒரு திரைக்குள் முடிய வேண்டும். முதல் பத்தியில் நீங்கள் யார், எப்போது சேர முடியும். இரண்டாவதில் அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து உங்களுக்கு எழுந்த உண்மையான கேள்வி. பாராட்டு வேண்டாம், கேள்வி போதும். மூன்றாவதில் நீங்கள் கையால் செய்த வேலை: எந்த முறை, எந்த உயிரினம், என்ன கிடைத்தது. கடைசியில் இடம் இருக்கிறதா, எந்த வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்ற நேரடிக் கேள்வி. சிவியை இணையுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே நாளில் போகும் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. பெறுபவர் பெண் பேராசிரியராக இருந்துவிட்டால் அந்த "ஐயா" தனிக் கதை. பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போங்கள். மனம் நோகத் தேவையில்லை.

படி 6: விண்ணப்பத் தாள்கள்

நோக்க அறிக்கையில் சிறு வயதில் பட்டாம்பூச்சி பிடித்த கதை வேண்டாம். தேர்வுக் குழு அதைப் பலமுறை படித்துவிட்டது. நீங்கள் செய்த ஒரு ஆய்வை எடுத்து ஆழமாக எழுதுங்கள். கேள்வி என்ன, ஏன் அந்த முறை, ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ட்ரோல் என்ன வைத்தீர்கள், வந்த முடிவுக்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா, இன்னும் ஆறு மாதம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள். சோதனை தோற்றிருந்தாலும் பரவாயில்லை. ஏன் தோற்றது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் லேப்கள் தேடுகின்றன.

பரிந்துரைக் கடிதம் இரண்டு அல்லது மூன்று கேட்பார்கள். உங்களை வகுப்பில் மட்டும் பார்த்த துறைத் தலைவரைவிட, லேபில் தினமும் பார்த்தவரின் கடிதம் பத்து மடங்கு மதிப்புள்ளது. ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே சிவியையும் கடைசித் தேதிகளின் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள்.

ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டுமா? பெரும்பாலான இடங்களில் கட்டாயம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழில் போட்ட கட்டுரை உதவாதது மட்டுமல்ல, உங்கள் மதிப்பையும் குறைக்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணம் வாங்கும். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம், பல இடங்களில் கொடுக்கிறார்கள். ஆனால் "இடம் உறுதி, முன்பணம் அனுப்புங்கள்" என்று யாராவது எழுதினால் அது மோசடி. சம்பளம் தரும் இடம் உங்களிடம் பணம் கேட்காது.

படி 7: இன்டர்வியூ

அரை மணி நேரப் பேச்சில் உங்கள் பழைய ஆய்வைச் சொல்லச் சொல்வார்கள். பிறகு கேள்விகள். "படத்தில் தெரியும் அந்த பேண்ட் (கோடு) வேறு புரதமாக இருக்க முடியாதா?" "இந்த மரபணுவை நீக்கினால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? நடக்கவில்லை என்றால்?" தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று யோசித்துக் காட்டுங்கள். அவர்கள் பார்க்க விரும்புவது அந்த யோசனையைத்தான்.

இன்டர்வியூவின் இன்னொரு பாதி உங்களுடையது. கைடு இல்லாத நேரத்தில் லேப் மாணவர்களோடு தனியாகப் பேச வாய்ப்புக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் லேபைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. கிடைத்தால், "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: கைடு உங்கள் தரவைக் கடைசியாக எப்போது உட்கார்ந்து பார்த்தார்? ஒரே தலைப்பை இரண்டு பேருக்குக் கொடுத்த கதை உண்டா? முதல் ஆசிரியர் யார் என்று எப்போது, எப்படி முடிவாகிறது? கடைசியாகச் சென்றவர் தீசிஸ் சமர்ப்பிக்க எத்தனை வருடம் ஆனது? போன வருடம் விடுமுறை எடுத்தீர்களா?

பதிலைவிட, பதிலுக்கு முன் வரும் தயக்கத்தைக் கவனியுங்கள்.

படி 8: கடிதம் வந்த பிறகு

அனுமதிக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: தொகை எவ்வளவு, எத்தனை வருடம், கட்டணமும் மருத்துவக் காப்பீடும் யார் பொறுப்பு, நேரம் நீண்டால் என்ன ஏற்பாடு. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. ஒப்பந்தம் ஒரு வருடம்தான், பிறகு புதுப்பிப்பார்கள் என்றால், எதை வைத்துப் புதுப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கைடைத் தவிர வேறு யாரிடம் போய்ப் பேசலாம் என்பதையும் கேட்டு வையுங்கள். பல இடங்களில் மூன்று நான்கு பேர் கொண்ட ஆலோசனைக் குழு வருடம் ஒருமுறை கூடும். கைடுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகாத நாளில் இந்தக் குழுதான் துணை.

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல அவகாசம் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன் யாராவது அவசரப்படுத்தினால் இதைக் குறிப்பிடலாம். ஐரோப்பியப் பணியிடங்களில் ஒரு வாரம், பத்து நாள்தான் கிடைக்கும், கேட்டால் சில நாள் கூட்டித் தருவார்கள். ஒன்றை ஏற்றுக்கொண்டவுடன் மற்ற இடங்களுக்கு உடனே மறுப்பு எழுதிவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் இன்னொருவர் இருக்கிறார். பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களுக்கும் முடிவைச் சொல்லிவிடுங்கள்.

விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் லேபுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, வேலையைத் தொடங்கத் தேவையான பயிற்சிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவில் விலங்குகளைத் தொடுவதற்கு முன் அதற்கான பயிற்சி முடித்திருக்க வேண்டும், சில இடங்களில் அதற்கே காத்திருப்போர் வரிசை உண்டு. மனித ரத்தத்தோடு வேலை என்றால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி கேட்பார்கள், அது மூன்று தவணையாக ஆறு மாதம் வரை நீளும். முதல் ஊசியைப் புறப்படும் முன்பே போட்டுக்கொண்டு, சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.